கல்லில் எழுதிய புகழ்

காசி யாத்திரை சென்று மீண்ட தமிழர் எவரும் பிரயாகையை மறந்திருக்க மாட்டார்கள். கங்கையும் யமுனையும் கூடும் துறைக்குப் படகேறிச் சென்று நீராடுவதும், மகளிர் வேணிதானம் செய்வதும், செம்பில் கங்கை நீரை அடைத்துக்கொண்டு இராமேசுவரம் நோக்கித் திரும்புவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருபவை. அந்தத் துறையில் நின்று நிமிர்ந்து நோக்கினால், யமுனைக் கரையில் அக்பர் எழுப்பிய பெருங்கோட்டை தெரியும். அக்கோட்டைக்குள் 35 அடி உயரமுள்ள மணற்கல் தூண் ஒன்று நிற்கிறது. கோட்டை இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் அதனை அருகில் சென்று காண்பது எளிதன்று. நகரத்தின் பெயர் 2018ஆம் ஆண்டில் பிரயாகராஜ் என்று மாற்றப்பெற்றது. ஆயினும் வரலாற்று நூல்களில் இத்தூண் அலகாபாத் தூண் என்றே வழங்குகிறது.

இந்த ஒரே தூணில் மூன்று பேரரசர்கள் எழுதியிருக்கிறார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பிராகிருதத்தில் எழுதினான். கி.பி. நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் வடமொழியில் எழுதுவித்தான். 1605ஆம் ஆண்டில் அரியணை ஏறிய ஜகாங்கீர் பாரசீகத்தில் எழுதுவித்தார். இவர்களுக்கிடையே, யாத்திரை வந்த எளிய மக்கள் பலரும் தம் பெயர்களைக் கீறிச் சென்றிருக்கின்றனர். அக்பரின் அவையிலிருந்த பீர்பால் வந்துபோன செய்தியும் ஓரிடத்தில் உண்டு. சுற்றுலாச் சென்ற இடத்தில் சுவரில் பெயர் எழுதும் வழக்கத்தை இக்காலத்து இளைஞர் கண்டுபிடித்தார்கள் என்று நாம் குறைகூற வேண்டியதில்லை.

அரசர்கள் தம் செயல்களைக் கல்லில் ஏன் எழுதினார்கள்? புகழாசையால் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அந்த விடை எனக்கு நிறைவு தருவதில்லை. படையும் பண்டாரமும் சிறைக்கூடமும் கையில் உடைய ஒருவன், தான் வல்லவன் என்பதை ஏன் சொல்லிக் காட்ட வேண்டும்? யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், இவன் அரசனாவதற்கு உரியவன்தானா என்று கேட்டிருக்க வேண்டும். புகழ்க் கல்வெட்டு என்பது ஒரு விடை. அதற்குரிய வினாவை அரசன் கல்லில் பொறிப்பதில்லை. அதனைத் தேடிக் கண்டுபிடிப்பதே கல்வெட்டைப் படிப்பவரின் வேலை.

அலகாபாத் தூணில் சமுத்திரகுப்தனின் புகழைப் பாடியவன் ஹரிசேனன். இவன் கூலிக்குப் பாடிய புலவன் அல்லன். போருக்கும் சமாதானத்திற்கும் உரிய அமைச்சன்; மகாதண்டநாயகன் என்னும் உயர்பதவியும் தாங்கியவன். இவன் தந்தை துருவபூதியும் அதே பதவியில் இருந்தவர். ஆகவே இப்பிரசஸ்தியை அக்கால அரசாங்கத்தின் அறிக்கை என்று கொள்வதில் தவறில்லை. தொடக்கத்தில் செய்யுள்கள், பின்னர் மிக நீண்ட உரைநடை, முடிவில் மீண்டும் செய்யுள் என்று அமைந்த அரிய இலக்கியமாகவும் அது விளங்குகிறது.

முதற் பகுதி சிதைந்துபோயிற்று. எஞ்சிய செய்யுள்களில் ஒன்று ஓர் அரசவைக் காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது. தந்தை முதலாம் சந்திரகுப்தன் மகனைத் தழுவிக்கொள்கிறான். மயிர் சிலிர்க்கிறது, கண்ணில் நீர் மல்குகிறது. இவனே தகுதியுடையவன் என்று கூறி, உலகத்தைக் காக்குமாறு மகனிடம் ஒப்படைக்கிறான். சபையோர் மகிழ்ச்சியால் பெருமூச்சு விடுகின்றனர். இவ்வளவோடு நின்றிருந்தால் இதனை வழக்கமான புகழுரை என்று தள்ளிவிடலாம். ஹரிசேனன் மேலும் ஒரு செய்தியைச் சேர்க்கிறான். ஒத்த குலத்தில் பிறந்த மற்றவர்களின் முகங்கள் வாடின என்கிறான்.

வாடிய அந்த முகங்கள் யாருடையவை? உடன்பிறந்தார், பங்காளிகள் அல்லாமல் வேறு எவர்? அரியணைக்குப் போட்டி இருந்தது என்பதைப் புகழ் பாடிய அமைச்சனே தன்னை அறியாமல் சொல்லிவிட்டான். ஒருகால் அறிந்தே சொன்னானோ என்றும் எண்ணத் தோன்றுகிறது. தோற்றுப்போனவர்கள் உயிரோடிருந்தால் அவர்களும் இதனைக் கேட்க வேண்டும் அல்லவா? காசன் என்னும் பெயர் பொறித்த குப்தர் காலப் பொற்காசுகள் சில கிடைத்துள்ளன. அவன் சமுத்திரகுப்தனோடு போட்டியிட்ட தமையன் என்பர் சிலர். சமுத்திரகுப்தனுக்கே அது மற்றொரு பெயர் என்பர் சிலர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் வாடிய முகங்களுக்குக் காசின் சான்று தேவையில்லை, கல்லே சான்று.

இதனை மனத்திற் கொண்டு மேலே படித்தால், அந்த நீண்ட வெற்றிப் பட்டியல் வேறு விதமாகத் தோன்றும். ஆரியாவர்த்தத்து அரசர் ஒன்பதின்மரைப் பெயர் சொல்லி, அவர்களை வேரோடு களைந்தான் என்கிறது கல்வெட்டு. காட்டரசர்களை ஏவலாளர் ஆக்கினான். எல்லை நாட்டு மன்னர்கள் கப்பம் கட்டிப் பணிந்தனர். மூத்தவன் என்பதால் பட்டத்திற்கு வந்தவன் இத்தனை சொல்ல வேண்டியதில்லை. தகுதியால் தெரிந்தெடுக்கப்பட்டேன் என்று சொல்லுகிறவன் தகுதியை நாள்தோறும் நிறுவ வேண்டியிருக்கிறது. தாய்வழியில் தான் லிச்சவியரின் பேரன் என்பதையும் அவன் விடாமல் சொல்லிக்கொள்வதை நாம் கவனிக்க வேண்டும். தந்தை வழிக் குலம் அதுவரை அத்துணைப் பெருமை பெறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இனி நம்மவர்க்கு நேரே உரிய பகுதிக்கு வருவோம். தென்னாட்டு அரசர் பன்னிருவரைச் சமுத்திரகுப்தன் வென்றதாக அப்பட்டியல் கூறுகிறது. கோசல நாட்டு மகேந்திரனில் தொடங்கி, பிட்டாபுரம், வேங்கி என்று கீழைக் கடற்கரையை ஒட்டி இறங்கி வரும் அவ்வரிசையில் காஞ்சியின் விஷ்ணுகோபனும் இருக்கிறான். பல்லவன் ஒருவன் பெயர் பிரயாகைத் தூணில் தோற்றவர் வரிசையில் நிற்பதைப் படிக்கும்போது தமிழனுக்குச் சற்றுச் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஆனால் வடநாட்டு அரசர்களுக்குச் சொன்ன சொல்லைத் தென்னாட்டு அரசர்களுக்கு ஹரிசேனன் சொல்லவில்லை. அவர்கள் வேரோடு களையப்பட்டனர். இவர்களோ பிடிக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டு, அருளப்பட்டனர். வெற்றி பெற்றவன் வென்ற நாட்டை ஆளாமல் திரும்பினான் என்பதற்கு இது நாகரிகமான சொற்றொடர். பாண்டிச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ராய், தென்னாட்டு அரசர்கள் ஒன்றுகூடி எதிர்த்ததால் சமுத்திரகுப்தன் பின்வாங்க நேர்ந்தது என்றே எழுதினார். பல்லவர் செப்பேடுகளிலோ இப்படையெடுப்பைப் பற்றிய பேச்சே இல்லை. துப்ராயின் கருத்து நமக்கு இனிப்பாக இருக்கிறது. இனிப்பாக இருப்பதனாலேயே அதனை நாம் ஒருமுறைக்கு இருமுறை சோதிக்க வேண்டும். கல்வெட்டு சொல்வதெல்லாம், படை வந்தது, தங்கவில்லை என்பதே. மற்றவை அனுமானம்.

இதே தூணில் ஜகாங்கீர் எழுதுவித்தது என்ன? போர்ச் செய்தி ஒன்றும் இல்லை. அக்பர், ஹுமாயூன், பாபர் என்று பின்னோக்கிச் சென்று தைமூர் வரையில் எட்டும் முன்னோர் வரிசை. அதனை அழகிய எழுத்தில் வரைந்தவர் மீர் அப்துல்லா முஷ்கின் கலம். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் வம்சாவளி. ஆனால் இவர் அலகாபாத்தில் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிந்தவர்க்கு இது வெறும் வம்சாவளியாகத் தோன்றாது. இளவரசர் சலீமாக இருந்த காலத்தில், 1600ஆம் ஆண்டு முதல், தந்தைக்கு அடங்காமல் இதே கோட்டையில் தனி அவை நடத்தியவர் இவர். அக்பரின் உயிர்த் தோழரான அபுல் ஃபசல் 1602இல் கொலையுண்டது இவருடைய ஏற்பாட்டினால். அக்பர் நோயுற்றுக் கிடந்தபோது பெருமக்கள் சிலர், சலீம் வேண்டா, அவர் மகன் குஸ்ரூ பட்டத்திற்கு வரட்டும் என்று முயன்றனர். 1605இல் சலீம் ஜகாங்கீர் ஆனார். 1606இல் குஸ்ரூ கலகம் செய்து பிடிபட்டார்.

தந்தையை எதிர்த்த மகன்; மகனால் எதிர்க்கப்பட்ட தந்தை. இவர் கல்லில் பொறித்தது தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்கள்! கலகத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. அந்த வம்சாவளி எந்த வினாவுக்கு விடை என்பதை நேயர்களே உணரலாம்.

இவ்விருவரோடும் அசோகனை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அவர்கள் தற்பெருமை பேசினர், இவன் அறம் பேசினான் என்று நம் பள்ளிப் பாடங்கள் சொல்லும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அசோகனுடைய கல்வெட்டு எதிலும் தந்தை பிந்துசாரன் பெயர் இல்லை. பாட்டன் சந்திரகுப்த மௌரியன் பெயரும் இல்லை. தன் இரண்டாம் தேவி, தீவரன் தாய், மாந்தோப்பும் பூங்காவும் அறச்சாலையும் கொடுத்தால் அவை அவள் பெயராலேயே எழுதப்பட வேண்டும் என்று ஆணையிட்டு, அதனையும் இத்தூணில் பொறித்தான். புகழைப் பங்கிட்டுக் கொடுத்த அரசன் அரியவன்.

ஆயினும் அசோகனும் அரசனே. கலிங்கப் போரைப் பற்றிய அவனது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தை யாவரும் அறிவர். ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர் என்று வென்றவனே கணக்குச் சொல்லி வருந்துகிறான். உலக வரலாற்றில் இதற்கு இணை காண்பது அரிது. சோழர், பாண்டியர், தாமிரபரணி வரையில் தன் அறவெற்றி பரவியது என்று நம் முன்னோரைக் குறிப்பிடுவதும் அதே சாசனந்தான். இச்சாசனம் சௌராட்டிரத்தில் இருக்கிறது. இமயத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. வடமேற்கு எல்லையில் இருக்கிறது. ஆந்திர நாட்டு எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்தில் மட்டும் இல்லை. புவனேசுவரத்திற்கு அருகே தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும், அசோகனின் பாறைச் சாசனங்கள் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக வேறு இரண்டு சாசனங்கள் அங்கே பொறிக்கப்பட்டன. எல்லா மனிதரும் என் மக்கள் என்று அவற்றில் கூறுகிறான்.

பிள்ளையை இழந்தவளிடம் சென்று, உன் பிள்ளையைக் கொன்றதற்காக வருந்துகிறேன் என்று சொல்வதினும், நான் உனக்குத் தந்தை போன்றவன் என்று சொல்வது ஆட்சிக்கு எளிது. அசோகனின் வருத்தம் பொய் என்று நான் கருதவில்லை. ஆனால் அவ்வருத்தம் எங்கே படிக்கப்பட வேண்டும், எங்கே படிக்கப்படக் கூடாது என்று முடிவு செய்யும் அறிவு அவனுக்கோ அவன் அதிகாரிகளுக்கோ இருந்தது. ஒடிசா மாநிலத்தில் வாழும் தமிழன்பர்கள் தௌலிக்குச் செல்லும்போது, பாறையில் உள்ளதைக் காண்பதோடு, இல்லாததையும் எண்ணிப் பார்ப்பார்களாக.

மூன்று அரசர் ஒரே கல்லில் எழுதிய மற்றோர் இடமும் உண்டு. குஜராத்தில் ஜூனாகட் நகருக்கு வெளியே, கிர்நார் மலைக்குப் போகும் வழியில் உள்ள பாறை அது. அசோகனின் பதினான்கு சாசனங்களோடு, கி.பி. 150ஐ ஒட்டிய ருத்ரதாமனின் கல்வெட்டும், ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ஸ்கந்தகுப்தனின் கல்வெட்டும் அதில் உள்ளன. பின்னவை இரண்டும் சுதர்சனம் என்னும் ஏரியைப் பற்றியவை. ஏரியும் கரையும் பற்றிய பேச்சு என்றால் நமக்குத் தனி விருப்பம் உண்டல்லவா? சந்திரகுப்த மௌரியனின் அதிகாரி புஷ்யகுப்தன் அதனை அமைத்தான். அசோகன் காலத்தில் துஷாஸ்பன் என்னும் யவனன் கால்வாய்கள் வெட்டினான். பின்னர் ஒரு பெருமழையில் கரை உடைந்தது. உடைப்பு 420 முழ நீளம், அதே அகலம், 75 முழ ஆழம் என்று அளவு சொல்கிறது ருத்ரதாமனின் கல்வெட்டு.

ருத்ரதாமன் சகர் குலத்தவன், அயலான். பிராகிருதமே கல்வெட்டு மொழியாக வழங்கிய காலத்தில் தூய வடமொழியில் நீண்ட கல்வெட்டு எழுதுவித்தவர்களில் இவனே முதல்வன். தனக்கு இலக்கணம் தெரியும், இசை தெரியும், உரைநடையும் செய்யுளும் தெரியும் என்கிறான். எல்லா வருணத்தாரும் தம்மைக் காக்குமாறு தன்னிடம் வந்து, தன்னையே தலைவனாகத் தெரிந்துகொண்டனர் என்கிறான். மண்ணின் மைந்தனுக்கு இப்படிச் சொல்லும் தேவை எழுவதில்லை. அயல் மாநிலத்தில் வாழ்ந்து, அவ்வூர் மொழியை அவ்வூராரினும் பிழையறப் பேச முயலும் நம்மவர் இவனைச் சற்று அன்போடு புரிந்துகொள்ளக்கூடும்.

இவன் கல்வெட்டிலும், சமுத்திரகுப்தன் தூணில் முகங்கள் வாடியது போல, ஓரிடத்தில் உண்மை எட்டிப் பார்க்கிறது. உடைப்பு மிகப் பெரிது, அடைக்க இயலாது என்று அமைச்சர்கள் அவ்வேலையை மறுத்துவிட்டனர். அணை மீளாது என்று நம்பிக்கை இழந்த மக்கள் ஓலமிட்டனர். அப்போது சுவிசாகன் என்னும் பகலவ இனத்து அதிகாரி அதனைச் செய்து முடித்தான். வரி விதிக்காமல், கட்டாய வேலை வாங்காமல், அரசனின் சொந்தப் பண்டாரத்திலிருந்தே செலவு செய்ததாகக் கல்வெட்டு வலியுறுத்துகிறது. கட்டாய வேலை வாங்கவில்லை என்பதை ஒருவன் பெருமையாகச் சொல்கிறான் என்றால், மற்றவர்கள் வாங்கினார்கள் என்பதே பொருள். குடியானவனின் முதுகு வரலாற்றில் தலைகாட்டும் இடங்கள் இத்தகையவையே.

ஸ்கந்தகுப்தன் காலத்தில் அதே கரை மீண்டும் உடைந்தது. சக்கரபாலிதன் என்னும் அதிகாரி அதனை மீண்டும் அடைத்தான். அக்கல்வெட்டில், மற்ற அரசகுமாரர் அனைவரையும் தள்ளிவிட்டுத் திருமகள் தானே வந்து ஸ்கந்தகுப்தனை வரித்தாள் என்று ஒரு செய்தி வருகிறது. மற்ற அரசகுமாரர்! ஏரிக்கரை அடைத்த கல்வெட்டில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் போதும். வினா தானே வெளிவந்துவிடும்.

கர்நாடகத்தில் வாழ்வோர் ஐஹொளெ சென்றிருக்கலாம். அங்கே மேகுடிக் குன்றின் மேல் உள்ள சமணக் கோயிற் சுவரில், கி.பி. 634-35ஐச் சேர்ந்த இரண்டாம் புலிகேசியின் புகழ்க் கல்வெட்டு உள்ளது. பாடியவன் இரவிகீர்த்தி, தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகராகச் சொல்லிக்கொண்டவன். புலிகேசியும் நேர் வழியில் பட்டத்திற்கு வந்தவன் அல்லன். சிற்றப்பன் மங்களேசன் தன் மகனுக்கு அரசைத் தர முயன்றான் என்றும், அம்முயற்சியையும் நாட்டையும் உயிரையும் ஒருங்கே இழந்தான் என்றும் இரவிகீர்த்தியே கூறுகிறான். அதன் பின்னரே வெற்றிப் பட்டியல். கன்னோசியின் ஹர்ஷன் புலிகேசியால் மகிழ்ச்சி இழந்தான் என்று அவன் பெயரை வைத்தே சிலேடை செய்கிறான். ஹர்ஷனுடைய செப்பேடுகளில் இதனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நல்வினைப் பயனாக இருவர் நாட்டையும் கண்ட சீன யாத்திரிகர் யுவான் சுவாங், ஹர்ஷன் நேரில் படை நடத்தியும் இந்நாட்டை வெல்லவில்லை என்று எழுதி வைத்தார். இருவருக்கும் கடமைப்படாத மூன்றாமவன் சாட்சி கிடைப்பது பழைய வரலாற்றில் அரிய பேறு.

பல்லவருடன் நடந்த போருக்கு அத்தகைய மூன்றாமவன் இல்லை. பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒளியச் செய்தான் புலிகேசி என்கிறது ஐஹொளெக் கல்வெட்டு. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. பகைவர் யாரென்று அது பெயர் சொல்லவில்லை. புள்ளலூர் காஞ்சிக்கு அருகிலுள்ள ஊர். வெற்றி பெற்ற இடம் தன் தலைநகரின் வாயிற்படி என்றால், பகைவன் அதுவரை வந்துவிட்டான் என்பதைத்தான் அவ்வெற்றி ஒப்புக்கொள்கிறது. இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் சொல்லாத ஒன்று தெரிகிறது.

நரசிம்மவர்மன் பதில் கொடுத்தான். கி.பி. 642ஐ ஒட்டி வாதாபியைக் கைப்பற்றி, அங்குள்ள பாறையில் தன் கல்வெட்டைப் பொறித்தான். புலிகேசியின் புறமுதுகையே பட்டயமாக்கி, அதில் வெற்றி என்னும் சொல்லை அவன் எழுதினான் என்று கூரம் செப்பேடு உருவகம் செய்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். அவன் செய்தது என்ன? கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடாமல் திருப்பிக் கொடுத்தான். கொடுத்ததை அக்கோயில் தூணிலேயே கன்னடத்தில் எழுதிவைத்தான். எரிப்பதைக் காட்டிலும் இது கூர்மையான வெற்றி. பகைவன் கட்டிய கோயிலில், பகைவனின் தெய்வத்திற்கு, நான் கொடையாளி என்று எழுதிவிட்டுப் போவது! சாளுக்கியர் சென்ற பின் காஞ்சிக்கு மீண்ட பல்லவர் அக்கல்வெட்டைச் செதுக்கி எறியவில்லை. இன்றும் அது அங்கேயே இருக்கிறது. ஏன் விட்டுவைத்தார்கள் என்பதை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு. தெய்வத்திற்குக் கொடுத்ததை அழிப்பது பாவம் என்ற அச்சமாக இருக்கலாம்.

இதுகாறும் பிறர் வீட்டுப் புகழைச் சோதித்தோம். நம் வீட்டுக்கு வருவோம். வடநாட்டு நகரங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களின் விழா மேடைகளில் கங்கை கொண்ட சோழன் பெயர் ஒலிக்காத ஆண்டு இல்லை. அதனைக் கேட்கும்போது கைதட்டாதவரும் இல்லை, நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் சமுத்திரகுப்தன் காஞ்சிக்கு வந்தான் என்று அவன் கல்வெட்டுச் சொன்னால் அது வீண் பெருமை. இராசேந்திரன் படை வங்கம் சென்றது என்று அவன் மெய்க்கீர்த்தி சொன்னால் அது வரலாறு. இப்படி இரண்டு படிக்கற்களை வைத்து நிறுக்கலாமா? கல்கத்தாவில் அடுத்த வீட்டு வங்காளி நண்பர் கேட்டால் நாம் என்ன சொல்வது?

கி.பி. 1022-23ஐ ஒட்டிச் சோழர் படை, தண்டநாயகன் ஒருவன் தலைமையில், ஒட்டர் நாட்டைக் கடந்து வங்கம் வரை சென்றது. பால மன்னன் மகிபாலனை ஓடச் செய்தது என்பது மெய்க்கீர்த்தியின் செய்தி. இடப்பெயர்களும் அரசர் பெயர்களும் பொருந்தி வருவதால் படையெடுப்பு நடந்தது என்பதை ஐயுற வேண்டியதில்லை. பாலர் கல்வெட்டுகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. மகிபாலன் பெயரால் 1026ஆம் ஆண்டில் சாரநாத்தில் ஒரு கல்வெட்டு எழுதப்பட்டிருக்கிறது; அப்போதும் அவன் அரசனாகவே இருந்தான். ஆக, படை சென்றது, வென்றது, தங்காமல் திரும்பியது. விஷ்ணுகோபன் செய்தியில் நாம் எதைக் கண்டோமோ, அதனையே இங்கும் காண்கிறோம். அங்கே பிடித்து விடுவித்தான் என்று எழுதினர். இங்கே தோற்ற மன்னர்களின் தலைமீது கங்கை நீரைச் சுமத்திக்கொண்டு வந்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு எழுதுகிறது.

அந்நீரை இராசேந்திரன் என்ன செய்தான்? கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். அது நீராலான வெற்றித்தூண் என்று அச்செப்பேடே கூறுகிறது. இன்று அதனைப் பொன்னேரி என்பர். கரிகாலன் காலத்துக்குப் பின் நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்து, ஒன்பதாம் நூற்றாண்டில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிய பிறகே எழுந்தது இச்சோழர் மரபு. அம்மரபுக்குச் செப்பேட்டில் சூரியன் முதலாக முன்னோர் வரிசை தேவைப்பட்டது. புதிதாக எழுப்பிய தலைநகருக்குக் கங்கையின் புனிதம் தேவைப்பட்டது. வினா அங்கேயும் இருந்தது. விடை ஏரியாக அமைந்ததால் உழவனுக்கும் பயன் கிடைத்தது என்பதை மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளலாம்.

சோழர் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. முதலாம் இராசராசன் காலந்தொட்டு, கோயிற் கல்வெட்டு எதுவாயினும் முதலில் அரசனின் மெய்க்கீர்த்தி வந்தாக வேண்டும். ஆட்சியாண்டு ஏற ஏற மெய்க்கீர்த்தியும் நீளும். எங்கோ ஒரு சிற்றூரில் இடையன் ஒருவனிடம் 96 ஆடுகளை ஒப்படைத்து, நாள்தோறும் நந்தாவிளக்குக்கு நெய் அளக்கச் சொல்லும் ஓர் எளிய தருமத்திற்கு முன்னே, அரசன் வென்ற நாடுகளெல்லாம் அணிவகுக்கும். கல் தச்சன் கை வலிக்க வெட்டியிருப்பான். இன்று ஆராய்ச்சியாளர் பலர் அவ்வணிவகுப்பை விரைந்து தாண்டி ஆட்டுக் கணக்குக்கே வருகின்றனர். அந்த 96 ஆட்டில் ஒன்றையும் கூட்டிச் சொல்வதற்கு எவருக்கும் தேவை இருக்கவில்லை.

மீண்டும் அலகாபாத் தூணுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் கோட்டையைச் செப்பனிட்டபோது தூணைக் கீழே தள்ளிவிட்டனர். ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் அசோகனின் எழுத்தைப் படிக்க வழி கண்டார். அடுத்த ஆண்டு தூணை மீண்டும் நிறுத்தி, உச்சியில் புதிதாக ஒரு சிங்கத்தை வைத்தனர். அச்சிங்கத்தைப் பார்த்த அலெக்சாண்டர் கன்னிங்காம், அது பூந்தொட்டியின் மேல் உட்கார்ந்த பொம்மை நாய் போல் இருப்பதாக எள்ளி நகையாடினார்.

தூணில் அசோகனின் வரிகள் முன்பே இருந்தன. சமுத்திரகுப்தனின் கல்வெட்டு பெரும்பாலும் அவற்றுக்குக் கீழே இடம் தேடிக்கொண்டது. ஜகாங்கீரின் வம்சாவளியோ, அசோகனின் வரிகளுக்கு நடுவே, அவற்றின் மேலேயே ஓடுகிறது. அதனால் அசோகனின் மூன்றாம், நான்காம் தூண் சாசனங்கள் அங்கே பெரிதும் அழிந்துபோயின. வெட்டியவர்களுக்கு அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது. அது யாருடையது என்பதையும் அக்காலத்தில் எவரும் அறிந்திலர்.

அழிந்த அம்மூன்றாம் சாசனம் என்ன சொன்னது என்பதை நாம் அறிவோம். அதே சாசனம் பொறித்த வேறொரு தூணைப் பிரோஸ் ஷா துக்ளக் பதினான்காம் நூற்றாண்டில் தோப்ராவிலிருந்து யமுனை வழியே டில்லிக்குக் கொண்டுவந்து, தம் கோட்லாவில் நிறுத்தினார். டில்லியில் வாழும் தமிழர்கள் கிரிக்கெட் பந்தயம் காணச் செல்லும் மைதானத்திற்கு அடுத்தாற்போல் அது இன்றும் நிற்கிறது. மனிதன் தான் செய்த நன்மையையே காண்கிறான், இந்த நன்மையை நான் செய்தேன் என்கிறான். தான் செய்த தீமையை அவன் காண்பதில்லை என்பது அச்சாசனத்தின் தொடக்கம். டில்லித் தூணில் அவ்வரிகள் தெளிவாக உள்ளன. அலகாபாத் தூணில் அவ்விடத்தில் ஜகாங்கீரின் முன்னோர் பெயர்கள் இருக்கின்றன.